மாரியாயி சொன்ன துண்டு

புதிதாக நியமனம் பெற்று வந்திருக்கும் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர்களான உங்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி என்னிடம் கேட்டார்கள். நாலு பாராட்டும் நாலு அறிவுரையும் வரும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது கோபம்தான். ஓய்வுபெற்றால் ஆறிவிடும் என்று நினைத்தேன், ஆறவில்லை. அதில் பாதி என் மேலேயே உள்ள கோபம் என்பதால் வேறு யாரிடமும் இறக்கிவைக்கவும் முடியவில்லை. நீங்கள் இதே தொழிலுக்கு வந்திருக்கிறீர்கள். உங்களுக்கு விளங்கும்.

முதலில் நம் வேலையைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சாட்சி தமிழில் சொல்கிறார், நாம் அதை நீதிபதிக்குச் சிங்களத்தில் சொல்கிறோம். தட்டச்சு செய்பவர் நாம் சொன்ன சிங்களத்தைத்தான் அடிக்கிறார். வழக்கேட்டில் சாட்சியின் தமிழ் ஒரு எழுத்துக்கூட இருக்காது. ஒலிப்பதிவு கிடையாது. ஒரு மனுஷி அரை நாள் கூண்டில் நின்று பேசியதில் கடைசியில் மிஞ்சுவது நம் வாயிலிருந்து வந்தது மட்டும்தான். இதை எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நானாகவும் யோசிக்கவில்லை. நான் பெருமைப்பட்டது என் சிங்களத்தைப் பற்றி.

ஏன் பெருமை என்றும் சொல்கிறேன். நான் வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் சிங்களத்தைக் கேட்டு, "இது தேயிலைச் சிங்களம்" என்று காரியாலயத்தில் சிரித்தார்கள். ரோஷம் வந்துவிட்டது. ராப்பகலாகப் படித்து, நீதிபதிகளே திரும்பிப் பார்க்கும்படி சிங்களம் பேசக் கற்றேன். தமிழ் வாடை அடிக்கும் சிங்களச் சொல் ஒன்றுகூட என் வாயில் வராது. அப்படி வந்தால் மொழிபெயர்க்கத் தெரியாதவன் என்று நினைப்பார்கள் என்று பயம். இந்தக் கௌரவத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இதனால்தான் ஒருத்தியின் வீடு போகப் பார்த்தது.

அவள் பெயர் மாரியாயி. ஐம்பதைத் தாண்டியவள், கொழுந்து எடுப்பவள். இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று; பெயர் வேண்டாம். அவள் சிறுபிள்ளையாக இருந்தபோது ஒரு மழையில் மண் சரிந்து அவர்கள் லயத்தின் பாதியை இழுத்துக்கொண்டு போய்விட்டது. தோட்டத்தை நிர்வகித்த அன்றைய துரை, அவளுடைய அப்பா காத்தானுக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மேட்டைக் காட்டி, அங்கே வீடு கட்டிக்கொள்ளச் சொன்னார். காத்தான் கட்டினார். மாரியாயி அங்கேதான் வளர்ந்தாள், அங்கேதான் தாலி கட்டிக்கொண்டாள், செத்த அப்பாவை அங்கிருந்துதான் தூக்கினார்கள். பிறகு தோட்டத்து நிர்வாகம் கைமாறியது. புதிதாக வந்தவர்கள் அந்த மேட்டிலிருந்து பார்த்தால் நீர்வீழ்ச்சி முழுசாகத் தெரியும் என்பதைக் கண்டுபிடித்தார்கள். சுற்றுலாக்காரர்களுக்கு ஒரு விடுதி கட்டத் தோதான இடம். இத்தனை வருஷம் யார் கண்ணையும் உறுத்தாத மாரியாயி திடீரென்று அத்துமீறிக் குடியிருப்பவள் ஆகிவிட்டாள். அவளை வெளியேற்றச் சொல்லி மாவட்ட நீதிமன்றத்தில் கம்பனி வழக்குப் போட்டது.

இந்த மாதிரி வழக்கில் எண்பிக்கும் சுமை, அதாவது நிரூபிக்கும் பொறுப்பு, எப்படி இடம் மாறுகிறது என்று பாருங்கள். வழக்குப் போட்டவர்தான் முதலில் எண்பிக்க வேண்டும். நிலம் என்னுடையது என்று. அதை மாரியாயி மறுக்கவே இல்லை. "தோட்டத்து மண்ணுதாங்க" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். பொய் சொல்லத் தெரியாதவளுக்கு நேர்ந்த கதி அது. நிலம் அவர்களுடையது என்று ஒப்புக்கொண்ட அந்த நிமிஷமே சுமை இவள் தலைக்கு வந்துவிட்டது. அங்கே இருக்க உனக்கு என்ன உரிமை? யார் அனுமதி தந்தார்? ஆதாரம் எங்கே?

ஆதாரம் எங்கே! இந்தக் கேள்வியை எத்தனையோ வழக்குகளில் நான் தமிழாக்கிச் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அதைச் சொல்லிவிட்டுக் கூண்டில் நிற்பவர் முகத்தைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்ப்பேன். தோட்டத்தில் ஒருவன் பிறந்தால் ஆபிஸில் எழுதுவார்கள், செத்தால் ஆபிஸில் எழுதுவார்கள். பெயர் பதிவதும் அங்கே, குடியிருக்கும் காம்பரா பதிவதும் அங்கே. எழுதுகிற கையும் அவர்களுடையது, ஏட்டை வைத்துப் பூட்டுகிற அலுமாரியும் அவர்களுடையது. அலுமாரிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, அதற்குள்ளே இருப்பதைக் காட்டு என்று அவளிடம் கேட்பது எந்த ஊர் நியாயம்? சட்டம் அப்படிச் சொல்லவில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் சட்டம் பேசுகிற இடம்வரை அவள் போய்ச் சேர வேண்டுமே.

முதலில் சாட்சி சொன்னவர் தோட்டத்துப் பெரிய கிளாக்கர். தமிழர்தான். ஆனால் சிங்களத்திலேயே சாட்சி சொல்கிறேன் என்றார். நன்றாகவும் பேசினார். எனக்கு அன்று வேலை இல்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். மாரியாயி களவாகக் கட்டினாள் என்று காட்டும் வேகத்தில் தோட்டத்துக் கட்டுப்பாட்டைப் பற்றி நிறையப் பெருமையடித்தார். அவர் சொன்னதெல்லாம் சொன்னபடியே பதிவானது. அதில் ஒரு வசனத்துக்குப் பிறகு வருகிறேன்.

அடுத்த விசாரணைத் தவணையில் மாரியாயி கூண்டில் ஏறினாள். வெளுத்த சேலை, தலைமுடியைப் படிய வாரிக் கொண்டை போட்டிருந்தாள். அவளுடைய சட்டத்தரணி இலவச உதவியாக வந்த சிங்கள இளைஞர். நல்லவர், தமிழ் தெரியாது. வழக்குக்கு முன் அவளோடு பேசியதெல்லாம் யார் யாரையோ இடையில் வைத்து, அரையும் குறையுமாக. துரையின் அனுமதி இருந்தது என்பது மட்டும்தான் அவருக்குத் தெரியும். நிலத்தைப் பற்றி வரிசையாகக் கேட்டுக்கொண்டு வந்தவர், "துரை உங்கள் அப்பாவுக்கு என்ன கொடுத்தார்?" என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"தொர எங்கப்பாவுக்குத் துண்டு குடுத்தாருங்க. அதுக்கப்புறந்தாங்க அங்க வீட்டக் கட்டுனோம்."

நான் சிங்களத்தில் சொன்னேன்: துரை என் தந்தைக்கு ஒரு "இடம் கெபெல்ல" கொடுத்தார். அதாவது ஒரு நிலத் துண்டு.

லயத்தில் பிறந்த உங்களில் சிலருக்கு இந்நேரம் பிழை எங்கே என்று தெரிந்திருக்கும். தோட்டத்தில் துண்டு என்றால் என்ன? மருந்துக்குப் போகக் கணக்கப்பிள்ளை எழுதித் தருவது துண்டு. விறகுக்குத் துண்டு, கூரைத் தகரத்துக்குத் துண்டு, ஆஸ்பத்திரி லொறியில் ஏறத் துண்டு. துரை கையெழுத்துப் போட்ட காகிதம் துண்டு! என் அம்மா அந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்லுவாள். அந்தச் சொல்லைக் கேட்டு வளர்ந்த நான், பேச்சு நிலத்தைப் பற்றிப் போய்க்கொண்டிருந்ததால், நின்று யோசிக்காமல் நிலத் துண்டு என்று சொல்லிவிட்டேன். இரண்டு அர்த்தம் உள்ள சொல் வந்தால் நீதிமன்றத்திடம் அனுமதி கேட்டு, சாட்சியிடம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அது எனக்குத் தெரியாததா? தெரியும். இரண்டு அர்த்தம் இருப்பதாகவே என் புத்திக்குப் படவில்லை.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. கம்பனியின் சட்டத்தரணி குறுக்குக் கேள்விக்கு எழுந்தார். கொழும்பிலிருந்து வந்தவர், கெட்டிக்காரர். துரை நிலத்தைக் கொடுத்தார் என்கிறாயே, அதற்கு உறுதி, அதாவது நிலப் பத்திரம், இருக்கிறதா என்று கேட்டார்.

மாரியாயி என்னைப் பார்த்தே பதில் சொன்னாள். "உறுதியெல்லாம் நமக்கு ஏதுங்க. துண்டுதாங்க இருந்துச்சு. அதையும் பெரிய கிளாக்கரு பாத்துட்டுத் தர்றேன்னு ஆபிஸுல வாங்கி வச்சுக்கிட்டாருங்க."

நான் அதைச் சொன்னேன். உறுதி இல்லை. நிலத் துண்டு மட்டும்தான் இருந்தது. அதையும் பெரிய கிளாக்கர் பார்த்துவிட்டுத் தருவதாகக் கூறி ஆபிஸுக்கு எடுத்துக்கொண்டார்.

நிலத்தைப் பார்த்துவிட்டுத் தருவதாக வாங்கிக்கொண்டாராம்! வாயிலிருந்து வெளியே வரும்போதே எனக்கு உறுத்தியது. காலில் சின்னக் கல் மாட்டினால் நின்று எடுத்துப் போட்டுவிட்டு நடப்போம் அல்லவா? நான் நிற்கவில்லை. நீதிபதி அம்மா புருவத்தைத் தூக்கி என்னைப் பார்த்தார். இடைவேளைக்கு நேரமாகிவிட்டிருந்தது. தட்டச்சு இயந்திரம் அடித்து முடித்தது. கொழும்புச் சட்டத்தரணி புன்னகையோடு, "வேறு கேள்விகள் இல்லை" என்று உட்கார்ந்தார். அவர் ஏன் சிரித்தார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நிலத்தைக் கம்பனி திரும்ப எடுத்துக்கொண்டது என்று எதிராளியே சத்தியம் செய்து சொல்லிவிட்டாள். இனி அவர் எதற்குக் கேள்வி கேட்க வேண்டும்?

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன், அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெரியாத சொல்லால் நமக்கு ஆபத்தில்லை. தெரியாது என்று தெரியும், கேட்டுக்கொள்வோம். நன்றாகத் தெரிந்த சொல்தான் காலை வாரும்.

அன்று வெளியே வந்ததும் மாரியாயி தன் சட்டத்தரணியின் கையைப் பிடித்துக்கொண்டு என்னவோ சொல்லியிருக்கிறாள். அவருக்கு விளங்கியது இரண்டே சொல்: ஆபிஸ், துண்டு. அவர் திடுக்கிட்டார். ஏனென்றால் சிங்களத்திலும் அதே சொல் இருக்கிறது, "துண்டுவ". வைத்தியர் எழுதித் தரும் மருந்துச் சீட்டுக்கும் அதுதான், கைச்சீட்டுக்கும் அதுதான். சிங்கள ஊர்ச் சந்தையிலும் பள்ளிக்கூடத்திலும் எல்லாரும் சொல்லும் சொல். தமிழ் வாடை அடிக்கும் என்று நான் ஒதுக்கிவைத்த சொல். தமிழ் தெரியாத அந்த இளைஞருக்கு அவள் வாயிலிருந்து நேராகக் கேட்டவுடன் விளங்கிவிட்டது. நடுவில் நான் இல்லாததால் விளங்கிவிட்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவார்கள் என்பார்கள். நான் அலையக்கூட இல்லை, வெண்ணெயை வழித்து எறிந்திருக்கிறேன்.

அவர் அடுத்த தவணையில் ஒரு விண்ணப்பம் செய்தார். அந்த வருஷத்தில் துரை கையெழுத்திட்ட கடிதங்களின் பிரதி ஏடு தோட்ட ஆபிஸில் இருக்கும், அதைக் கொண்டுவரச் சொல்ல வேண்டும் என்று. கம்பனித் தரப்பு எழுந்தது. "இது இப்போது முளைத்த கடிதம். எதிராளி தன் சாட்சியத்தில் எந்தக் காகிதத்தையும் பற்றிப் பேசவே இல்லை. பதிவை வாசிக்கச் சொல்லுங்கள்."

நீதிபதி என்னைத்தான் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இடம் கெபெல்ல. இடம் கெபெல்ல. கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த மாரியாயிக்கு நான் வாசித்தது ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் அவளுடைய சட்டத்தரணி "துண்டுவ" என்று சொல்லும்போதெல்லாம் அவள் எழும்பி எழும்பித் தலையாட்டினாள். "ஆமாங்க, துண்டு. துண்டுதாங்க." அமைதியாக இரு என்று பொலிஸ்காரர் அதட்டினார். அப்போதுதான் என் பிழை எனக்கு உறைத்தது.

நான் எழுந்து சொன்னேனா? இல்லை. அந்த விண்ணப்பத்துக்கான கட்டளை மூன்று வாரம் கழித்து என்று நீதிபதி தள்ளிவைத்தார். நான் ஏட்டை மூடிக் கட்டிவைத்துவிட்டு என் அறைக்குப் போனேன்.

அங்கே என்னிலும் மூத்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தார். நேர்மையானவர், ஒரு ரூபாய்க்கும் கைநீட்டாதவர். அவரிடம் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "ஒன்னும் பேசாதீங்க. பதிவுல இருக்கறதுதான் நடந்தது. நம்ம வாய் நம்மளோடது இல்ல, கோட்டோடது. இன்னைக்கி நீங்க தப்புன்னு சொல்லுங்க, நாளைக்கி தோத்தவன் எல்லாம் மொழிபெயர்ப்பு தப்புன்னு வந்து நிப்பான். நம்ம செஞ்ச எல்லாத்தையும் கிண்டுவாங்க. அந்தம்மாவோட லோயரு வேற வழி பாத்துக்குவாரு."

இது முட்டாள்தனமான பேச்சு இல்லை என்பதுதான் இதில் உள்ள கொடுமை. அவர் சொன்ன ஒவ்வொன்றும் நியாயமாகவே இருந்தது. சேர்த்துப் பார்த்தால் அநியாயமாக இருந்தது. பயந்தவனுக்கு நல்ல காரணம் கிடைத்தால் எவ்வளவு சௌகரியம் தெரியுமா? மூன்று வாரம் நான் அந்தச் சௌகரியத்தில் உட்கார்ந்திருந்தேன். உட்கார்ந்திருந்தேன் என்றுதான் சொல்ல முடிகிறது, தூங்கினேன் என்று சொல்ல முடியாது. நான் பிறந்த லயமும் ஒரு துண்டில்தான் நின்றது. அந்தத் துண்டு யார் அலுமாரியில் இருந்தது என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

இடையில் ஏட்டை எடுத்து முதலிலிருந்து படித்தேன். அப்போதுதான் பெரிய கிளாக்கரின் வசனம் கண்ணில் பட்டது. அவர் கட்டுப்பாட்டைப் பற்றிப் பெருமையடித்தார் என்றேனே, அந்த இடம். "எங்கள் தோட்டத்தில் துரையின் துண்டுவ இல்லாமல் ஒரு ஆள் ஒரு தகரத்தைக்கூட மேலே ஏற்ற முடியாது. இது என்றைக்கும் உள்ள வழக்கம்." துண்டுவ! அவர் சிங்களத்தில் சொன்ன துண்டு பதிவில் காகிதமாகவே இருந்தது. மாரியாயி தமிழில் சொன்ன துண்டு மட்டும் மண்ணாகிப் போயிருந்தது. ஒரே சொல். ஒரே தோட்டம். ஒருவர் நீதிமன்றத்தின் பாஷையில் பேசினார், ஒருத்தி என்னை நம்பிப் பேசினாள். அதைப் படித்த அன்று எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

இந்த இடத்தில் இன்னொரு சோதனை இருந்தது. அந்த வசனத்தை அவளுடைய சட்டத்தரணியின் காதில் போட்டுவிட்டால் போதும். யாருக்கும் தெரியாது, என் பிழையும் வெளியே வராது, அவளும் தப்பிப்பாள். இரண்டு தடவை அவர் அறை வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒரு தரப்புக்கு இரகசியமாக உதவுகிற மொழிபெயர்ப்பாளன் மறுநாள் இன்னொரு தரப்புக்கும் உதவுவான். எனக்கு வழக்கை நடத்த உரிமை இல்லை. என் பிழையைச் சொல்ல மட்டும்தான் உரிமை உண்டு, அதுவும் எல்லார் முன்னிலையிலும்.

கட்டளைத் தினத்தன்று நீதிபதி காகிதத்தைக் கையில் எடுத்தார். நான் எழுந்தேன். என் மூத்தவர் பின்னாலிருந்து என் கோட்டைப் பிடித்து இழுத்தது இன்னும் உணர்வில் இருக்கிறது.

"கனம் நீதிபதி அவர்களே, எதிராளியின் சாட்சியத்தில் ஒரு சொல்லை நான் பிழையாக மொழிபெயர்த்திருக்கிறேன்."

கம்பனியின் சட்டத்தரணி எழுந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "மொழிபெயர்ப்பாளர் மூன்று வாரமாக எங்கே இருந்தார்? எதிராளி அந்தச் சொல்லைத்தான் சொன்னார் என்பதற்கு அவரிடம் என்ன ஆதாரம் இருக்கிறது?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "மொழிபெயர்ப்பாளர் எந்தத் தோட்டத்தைச் சேர்ந்தவர் என்பதையும் அறிய விரும்புகிறேன்" என்றார்.

அத்தனை வருஷம் ராப்பகலாகக் கற்ற சிங்களம் அந்த ஒரு கேள்வியில் உதிர்ந்து போய்விட்டது. நான் மறுபடியும் தேயிலைச் சிங்களக்காரன். பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். நீதிபதி அந்தக் கேள்வியை அனுமதிக்கவில்லை. ஆனால் மற்றதைக் கேட்டார். கேட்க வேண்டியவர்தானே?

"உங்கள் ஞாபகத்தைத் தவிர வேறு ஆதாரம் உண்டா?"

இல்லை. சத்தியமாக இல்லை. அவள் சொன்ன தமிழ் எந்தக் காகிதத்திலும் இல்லை. சொன்னது உண்மை, கேட்டவன் நான், தொலைத்தவனும் நான், காட்ட ஒன்றும் இல்லை. ஆதாரம் எங்கே என்று காலமெல்லாம் கேட்டுக் கேட்டுச் சொன்ன வாய்க்கு அன்றுதான் பதில் சொல்லும் முறை வந்தது. கை இரண்டும் வெறுமையாக, காட்ட ஒன்றும் இல்லாமல் உண்மையைச் சொல்லிக்கொண்டு நிற்பது எப்படி இருக்கும் என்று தெரியவேண்டுமானால், இளையவர்களே, ஒரு தடவை நீங்களும் அப்படி நின்று பாருங்கள்.

"இல்லை, நீதிபதி அவர்களே."

"சாட்சி சொன்ன தமிழ்ச் சொல் எது?"

"துண்டு."

"அதைச் சிங்களத்தில் எப்படிச் சொல்லியிருக்க வேண்டும்?"

"துண்டுவ."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அந்தச் சொல்லை அப்படியே விட்டிருந்தால் எனக்கே விளங்கியிருக்குமே" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அதற்குள் மாரியாயியின் சட்டத்தரணி பரபரவென்று பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். வழக்கே அந்த ஒரு சொல்லில் நிற்கிறது என்றானதும், அதை ஏட்டில் எங்கேயோ படித்த ஞாபகம் அவருக்குத் தட்டிவிட்டது. எழுந்து பெரிய கிளாக்கரின் வசனத்தை வாசித்தார். துரையின் துண்டுவ இல்லாமல் ஒரு தகரத்தைக்கூட ஏற்ற முடியாது. வீடோ துரை பங்களாவுக்கு நேர் எதிரே, சுவரும் தகரமுமாக, இத்தனை வருஷமாக நிற்கிறது. அப்படியானால் துண்டு இருந்திருக்க வேண்டும். கம்பனியின் சாட்சியே சொல்லிவிட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதுதான்.

மாரியாயியை வேறொரு மொழிபெயர்ப்பாளரை வைத்து மறுபடி கூண்டில் ஏற்றினார்கள். அவள் அதே வசனத்தைச் சொன்னாள், ஒரு எழுத்து மாறாமல். கடித ஏடுகளைக் கொண்டுவரும்படி கம்பனிக்குக் கட்டளை போனது. கொண்டுவந்தார்கள். முன் வருஷத்து ஏடு இருந்தது, பின் வருஷத்து ஏடு இருந்தது. நடுவில் அந்த ஒரு வருஷத்து ஏட்டை மட்டும் கறையான் தின்றுவிட்டதாம். ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்த மூன்றில் நடுவிலிருந்ததை மட்டும் தேர்ந்து தின்ற கறையான்! முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்கள் கொஞ்சம் சோற்றையாவது கூட வைத்திருக்க வேண்டாமா?

சட்டம் பேசுகிற இடம் என்றேனே, அது அங்கேதான் வந்தது. ஒருவன் கையில் இருக்கக்கூடிய சான்றை அவன் கொண்டுவராமல் விட்டால், கொண்டுவந்திருந்தால் அது அவனுக்குப் பாதகமாகத்தான் இருந்திருக்கும் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம். நீதிபதி ஊகித்தார். வழக்கு தள்ளுபடியானது. மாரியாயியின் வீடு இன்றைக்கும் அந்த மேட்டில் நிற்கிறது. என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள், கொடுத்தேன். ஒரு வருஷம் வேறு ஊருக்கு மாற்றினார்கள், போனேன். என் மூத்தவர் கொஞ்ச நாள் என்னோடு பேசவில்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் இருந்திருக்காது.

மாற்றலாகிப் போவதற்கு இரண்டு நாள் முன்பு மாரியாயி காரியாலயத்துக்கு வந்தாள். தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதி எடுக்க வந்திருந்தாள். வழக்கேட்டின் பிரதியும் சேர்ந்தே இருந்தது. என் பிழையை நான் அவளிடம் முறையாகச் சொல்லியிருக்கவில்லை. வெளியே மரத்தடிக்குக் கூட்டிப் போய், நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அழவில்லை, ஏசவுமில்லை. கொஞ்ச நேரம் காகிதக் கட்டைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"ஆபிஸுல பெரிய கிளாக்கரு வாங்கிக்கிட்டாரு. கோட்டுல நீங்க வாங்கிக்கிட்டீங்க" என்றாள். "ரெண்டு பேரும் நம்ம ஆளுங்கதாங்க."

ஆமாம் என்று தலையாட்டினேன்.

பிறகு கட்டை என்னிடம் நீட்டினாள். "ஐயா, நான் சொன்னது இதுல நான் சொன்னபடி இருக்குதுங்களா?"

பார்க்காமலே பதில் தெரியும். ஆனாலும் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதிவை அழிக்க முடியாது. அன்றைய பக்கம் அன்றடித்தபடியேதான் இருந்தது: இடம் கெபெல்ல. பின்னால் வந்த பக்கங்களில் திருத்தம் இருக்கிறது, விளக்கம் இருக்கிறது, தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அந்தப் பக்கத்தில், அவள் பெயருக்குக் கீழே, அவள் சொல்லாத சொல்தான் என்றைக்கும் இருக்கும்.

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப நீங்களே ஒன்னு எழுதிக் குடுங்க. நான் என்ன சொன்னேன்னு."

நீதிமன்றப் பிரதியில் நான் எழுதக்கூடாது. தனியாக எழுதிக் கொடுத்தால் அதற்குச் சட்டத்தில் ஒரு பெறுமதியும் இல்லை. எந்த நீதிமன்றமும் ஏற்காது. அதையும் அவளிடம் சொன்னேன்.

"பரவால்லங்க, எழுதுங்க" என்றாள். "இத யாரும் பாத்துட்டுத் தர்றேன்னு வாங்கிட்டுப் போக மாட்டாங்க."

சட்டைப்பையிலிருந்த காகிதத்தைக் கிழித்து, முழங்காலில் வைத்து எழுதினேன். தமிழில் எழுதினேன். காத்தான் மகள் மாரியாயி இன்ன நாள் நீதிமன்றத்தில் துண்டு என்று சொன்னார். துரை கையெழுத்திட்ட காகிதம் என்பதே அதன் பொருள். அதை நான் தவறாகச் சொன்னேன். கீழே கையெழுத்திட்டு, பதவியையும் எழுதினேன். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. ஒவ்வொரு சொல்லிலும் விரலை வைத்து, எது எது என்று என்னிடம் கேட்டாள். துண்டு என்ற சொல் வந்த இடத்தில் விரலை எடுக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள்.

பிறகு தீர்ப்பை மடித்துப் பைக்குள் அடியில் போட்டாள். நான் எழுதிக் கொடுத்ததை நாலாக மடித்து, ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு நடந்தாள்.